இரண்டாவது பை

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்று எங்கள் வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவளுக்குக் கோபம் வேறு எங்கே இருக்கும் என்று நான் திருப்பிக் கேட்பேன். நாளெல்லாம் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, முன்பின் தெரியாத ஒருவர் கையில் என் உயிரைக் கொடுத்துவிட்டு, ‘கிளட்ச், கிளட்ச்’ என்று தொண்டை கிழியக் கத்துகிற பிழைப்பு. என் காலடியில் தனியாக ஒரு பிரேக் உண்டு. அதுதான் எனக்குத் தெம்பு. ஆனால் கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்கு அதுவே வினையாகிவிடும். கொஞ்சம் சிக்கலான இடம் வந்தால் போதும், அவர்கள் கண் ரோட்டை விட்டுவிட்டு என் காலுக்கு வந்துவிடும். “என்னப் பாக்காதீங்க, ரோட்டப் பாருங்க” என்று சொல்லிச் சொல்லி, தூக்கத்திலும் அதையே உளறுகிறேன் என்பார் எங்கள் வீட்டுக்காரர்.

என் அக்கா இதற்கு நேர் எதிர். குரலை உயர்த்தவே மாட்டாள். உயர்த்தத் தேவையும் இல்லை. அவள் ஒரு மருத்துவக் கல்லூரியின் டீன். அவள் வராந்தாவில் நடந்து வந்தால் சுவர்க் கடிகாரம்கூட ஒழுங்காக ஓடும் என்று அங்கே பேசிக்கொள்வார்கள்.

அவள் படித்தது ரத்தப் புற்றுநோய் மருத்துவம். படித்த கையோடு எல்லோரையும் போல நோயாளிகளைப் பார்த்துக்கொண்டு நிம்மதியாக இருந்திருக்கலாம். ஒரு விஷயம் அவளை விடாமல் அரித்தது. புற்றுநோய்க்குக் கடுமையான மருந்து கொடுத்தால், நோயோடு சேர்ந்து எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையும் செத்துப்போகும். மஜ்ஜை செத்தால் ரத்தம் ஊறாது, ஆள் பிழைக்க மாட்டார். அதனால் மருந்துக்கு முன்பே, ரத்தத்தை ஊறவைக்கும் ஸ்டெம் செல்களை நோயாளியிடமிருந்து எடுத்து, உறையவைத்துப் பத்திரப்படுத்திவிடுவார்கள். மருந்து தன் வேலையை முடித்ததும் உருக்கித் திரும்ப உள்ளே விடுவார்கள். கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. அக்கா வேலைக்குச் சேர்ந்த காலத்தில், அவர்கள் லேப்பில் உறையவைத்த செல்களில் பாதிக்கு மேல் உருக்கும்போதே செத்துக்கொண்டிருந்தன. எந்த வேகத்தில் குளிரவைப்பது, எந்தத் திரவத்தைக் கலப்பது, எவ்வளவு சீக்கிரம் உருக்குவது என்று இதிலேயே அவள் இளமை போனது. பிறகு, மருந்துக்குத் தப்பி ஒளிந்திருந்து மறுபடி தலைதூக்கும் புற்றுநோய்ச் செல்களைத் தேடி இன்னொரு பெரிய ஆராய்ச்சி. அதற்குப் பிறகு துறைத் தலைவர். அதற்கும் பிறகு டீன். கல்யாணம் என்ற பேச்சை எடுத்தாலே, “பிரீஸர்ல வேலை இருக்கு” என்று கிளம்பிவிடுவாள். வீட்டில் அவளுக்கு ‘ஐஸ் பெட்டி’ என்று பெயர். வைத்தது நான்தான்.

என் கல்யாணத்தன்றைக்குக்கூட பிரீஸர் அலாரம் அடித்தது என்று பாதியில் ஓடினாள். குடும்பப் போட்டோவில் அவள் உட்கார வேண்டிய இடத்தில் ஒரு காலி நாற்காலி இருக்கிறது. இன்றைக்கும் எனக்கு அதைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வரும்.

அந்தக் காலத்தில் அவள் வீட்டுக்கு வந்தால் கூடவே பூண்டு வாடையும் வரும். செல்கள் உறையும்போது சாகாமல் இருக்க ஒரு திரவம் கலப்பார்கள். அது கையில் சிந்தினால் தோல் வழியாகவே உடம்புக்குள் இறங்கி, மூச்சில் பூண்டாக வெளியே வரும். “ஆராய்ச்சின்னு சொல்லிட்டுப் போறியே, லேப்ல உக்காந்து பூண்டா உரிக்கிற?” என்று நான் கேட்பேன். அவள் சிரிக்க மாட்டாள். அவளுக்கு ஜோக் புரியாது என்றே நான் நினைத்திருந்தேன்.

இப்படி இருந்த எங்களுக்கு நடுவில் என் நோய் வந்து உட்கார்ந்தது. கழுத்தில் நெறி கட்டியது போல ஒரு வீக்கம். பார்த்தால் நிணநீர்ப் புற்றுநோய். மருந்துக்கு அடங்கியது, அடங்கிய மாதிரி நடித்தது, மறுபடி வந்தது. இனி அக்கா தன் வாழ்நாளெல்லாம் செய்த அந்த வைத்தியம்தான் வழி என்றார்கள்.

அன்று மாலை அக்கா வீட்டுக்கு வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றுகொண்டு சொன்னாள்.

“இதுல நான் உனக்கு டாக்டர் இல்ல. அக்கா மட்டும்தான். சொந்தக்காரங்க கேஸ்ல யாரும் தலையிடக் கூடாதுன்னு எங்க ஆஸ்பத்திரில விதி இருக்கு.”

“யார் போட்ட விதி?”

“நான்தான்.”

“அப்ப நீயே மாத்திக்கோயேன்.”

“அதுக்காகத்தான் மாத்தக் கூடாது” என்றாள். எங்கள் வீட்டுக்காரர் காபி போடுகிற சாக்கில் உள்ளே நழுவிவிட்டார். அக்கா பேசும்போது அவர் எப்போதுமே அப்படித்தான்.

எனக்கு வைத்தியம் பார்க்க வந்த டாக்டரைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் என்னிடம் கார் ஓட்டக் கற்றுக்கொண்டவர். என்னிடம் வருகிற எல்லோருக்கும் நான் ஒரு பட்டப்பெயர் வைப்பேன். அவர் பெயர் ‘இண்டிகேட்டர்’. திரும்ப வேண்டிய இடத்துக்கு வெகு முன்னாலேயே இண்டிகேட்டரைப் போட்டுவிடுவார். போட்டுவிட்டு, திரும்பாமல் அங்கேயே நின்றுகொண்டிருப்பார். பின்னால் பத்து வண்டி ஹாரன் அடித்தாலும் அசைய மாட்டார். என் காலைப் பார்ப்பார், கண்ணாடியைப் பார்ப்பார், மறுபடி என் காலைப் பார்ப்பார். நல்ல மனுஷன், படு கெட்டிக்காரர், அக்காவிடமே படித்தவர். ஆனால் என் உயிர் இவர் கையிலா என்று என் கால் தானாகப் பிரேக்கைத் தேடியது.

“டீச்சர், நீங்க கவலப்படாதீங்க” என்றார்.

“நீங்க தைரியமா இருங்க டாக்டர், அது போதும்” என்றேன்.

செல்களை எடுப்பதிலேயே முதல் அடி விழுந்தது. மற்றவர்களுக்கு நாலு பை, ஐந்து பை சேரும். எனக்கு ஏற்கெனவே கொடுத்த மருந்துகளால் மஜ்ஜை களைத்துப்போயிருந்தது. ஊசிமேல் ஊசி போட்டு, நாள் கணக்கில் மிஷினில் உட்காரவைத்து வடிகட்டியும் இரண்டே பைதான் தேறியது. இரண்டும் சேர்ந்தால் போதும். ஒன்று மட்டும் போனால் ரத்தம் ஊறுமா என்பது சந்தேகம்தான் என்று இண்டிகேட்டர் சொன்னார். அந்த இரண்டு பையும் ஆளுயரத் தொட்டியில், எலும்பையே உறையவைக்கும் குளிரில் போய்ச் சேர்ந்தன. அதன் பிறகு எனக்குக் கடுமையான மருந்தை ஏற்றினார்கள். வாயெல்லாம் புண். தலை வழுக்கை. சோற்றைப் பார்த்தால் குமட்டல். மஜ்ஜை சுத்தமாகக் காலி. இனிப் பின்னால் போக முடியாது.

திரும்ப ஏற்றும் நாள் வந்தது.

தனி அறை. ஒரு கட்டில், ஒரு நாற்காலி, கதவில் கையகலக் கண்ணாடி. உள்ளே வருகிறவர்கள் கை கழுவி, முகமூடியும் மேலங்கியும் போட்டுக்கொண்டுதான் வர வேண்டும். உறவுக்காரர் ஒருவருக்குத்தான் அனுமதி. எங்கள் வீட்டுக்காரர் விட்டுக்கொடுத்து வராந்தாவில் நின்றார். அக்கா உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். முகமூடிக்கு மேலே தெரிந்த அந்த இரண்டு கண்ணைப் பார்த்ததுமே இண்டிகேட்டர் நிமிர்ந்து நின்றார். லேப்பிலிருந்து சக்கரம் வைத்த சின்னத் தொட்டி ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்த பெண், “குட்மார்னிங் மேடம்” என்று சொல்லிவிட்டுப் பிறகுதான் நோயாளி நான் என்று ஞாபகம் வந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

“நான் இன்னைக்கு விசிட்டர்” என்றாள் அக்கா. யாரும் நம்பியதாகத் தெரியவில்லை.

லேப் பெண் தடித்த கையுறை போட்டுக்கொண்டு தொட்டியைத் திறந்தாள். வெள்ளையாகப் புகை வழிந்தது. அதற்குள்ளிருந்து தட்டையான தகரப் பெட்டி ஒன்றை எடுத்தாள். பெட்டிக்குள் பை. அதை இன்னொரு சுத்தமான பைக்குள் போட்டு மூடி, வெதுவெதுப்பான தண்ணீரில் அமிழ்த்தி மெதுவாக ஆட்டினாள். கல் மாதிரி இருந்தது கூழாகி, கூழ் நீராகி, நல்ல செங்கல் நிறத்தில் கலங்கியது. அதை என் நெஞ்சிலிருந்த குழாயில் இணைத்தார்கள். இண்டிகேட்டர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பை மெல்ல மெல்ல வற்றி என்னுள் இறங்கியது. தொண்டை கரகரத்தது. நாக்கில் ஏதோ ஒரு கெட்ட ருசி. அவ்வளவுதான்.

“பாதி முடிஞ்சிருச்சு டீச்சர்” என்றார் இண்டிகேட்டர்.

இரண்டாவது பை தண்ணீரில் இறங்கியது. லேப் பெண் ஆட்டினாள். ஆட்டிக்கொண்டே இருந்தவள் கை நின்றது. பையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள். உள்ளே இருக்கும் பைக்கும் வெளியே இருக்கும் பைக்கும் நடுவில் செம்மண் தண்ணீர் மாதிரி கொஞ்சம் தேங்கியிருந்தது.

“டாக்டர்” என்றாள் மெதுவாக. “கசியுது.”

கடுங்குளிரில் பிளாஸ்டிக் கண்ணாடி போல ஆகிவிடுமாம். எப்போதாவது ஒன்று மூலையில் விரிசல் விடுமாம். உறைந்திருக்கும்போது தெரியாது, உருகும்போதுதான் தெரியும். இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. அப்போது நான் கண்டதெல்லாம், அறையில் மூன்று பேரும் அப்படியே உறைந்துவிட்டதைத்தான்.

அவர்கள் ஏன் உறைந்தார்கள் என்பது மட்டும் எனக்குத் தெரியும். கசிந்த பைக்கு என்று அக்கா போட்ட ஒரு விதி உண்டு, அதன் கதையும் எனக்குத் தெரியும். அக்கா வேலைக்குச் சேர்ந்த புதிதில் இப்படித்தான் ஒரு பை கசிந்தது. துடைத்துவிட்டு ஏற்றினார்கள். அந்த நோயாளி ஒரு தபால்காரர். ரத்தத்தில் கிருமி ஏறி, காய்ச்சல் கண்டு, போய்ச் சேர்ந்தார். அக்கா நேரே என் வீட்டுக்கு வந்து, சமையலறைத் தரையில் உட்கார்ந்து, பேசாமல் கொள்ளாமல் அழுதாள். அவள் தானாக என் வீடு தேடி வந்து அழுதது அந்த ஒரு தடவைதான். திரும்பிப் போனதும் விதி எழுதினாள்: விரிசல் விட்ட பை எதுவும் நோயாளிக்குள் போகக் கூடாது, குப்பைக்குத்தான் போக வேண்டும். அப்போதெல்லாம் கையில் பை நிறைய இருந்தது. ஒன்றைத் தூக்கிப் போட்டால் குடி முழுகிவிடாது. வருஷங்கள் ஓடின. தபால்காரரை எல்லோரும் மறந்தார்கள். விதி மட்டும் சுவரில் அடித்த ஆணி மாதிரி நின்றது.

எனக்கு மிச்சம் இருந்தது அந்த ஒரு பைதான்.

“எவ்வளவு நேரம் இருக்கு?” என்று இண்டிகேட்டர் லேப் பெண்ணிடம் கேட்டார்.

“உருகிருச்சு டாக்டர். அந்த மருந்துத் தண்ணி சூட்டுல செல்லக் கொன்னுடும். ரொம்ப நேரம் வெச்சிருக்க முடியாது.”

குளிரில் காப்பாற்றுவது, சூட்டில் கொல்லுமாம். நல்ல மருந்து. நான் எழுந்து உட்காரப் பார்த்தேன், முடியவில்லை.

இண்டிகேட்டர் பையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்தார்.

“மேடம்?”

“என்னக் கேக்காதீங்க” என்றாள் அக்கா. குரல் எப்போதும் போலத்தான் இருந்தது. ஆனால் அவள் நாற்காலியின் கையை இறுகப் பிடித்திருந்தாள். “நீங்கதான் டாக்டர்.”

“விதிப்படி இத...”

“தெரியும்.”

“ஆனா இது ஒண்ணுதான் மேடம் இருக்கு.”

“அதுவும் தெரியும். நான் இங்க அக்கா மட்டும்தான்.”

இண்டிகேட்டர் பையைப் பார்த்தார். மறுபடி அக்காவைப் பார்த்தார். அக்கா கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். கண்ணைத் தாழ்த்தினால் என்ன அர்த்தம் என்று அவர் யோசிப்பது அவர் நெற்றியிலேயே தெரிந்தது. வேண்டாம் என்கிறாரா, கொடு என்கிறாரா, கொடுத்தால் வேலை போகுமா, கொடுக்காவிட்டால் இவர் தங்கை போவாளா. நாலு ரோடு கூடும் இடம். இண்டிகேட்டர் மினுக் மினுக்கென்று எரிகிறது. வண்டி நகரவில்லை. பையில் என் செல்கள் செத்துக்கொண்டிருக்கின்றன.

எனக்கு வந்தது பாருங்கள் கோபம், அந்தப் புண் பிடித்த வாயிலிருந்து எப்படி அவ்வளவு சத்தம் வந்தது என்று இன்றைக்கும் தெரியாது.

“அக்கா, வெளிய போ.”

அவள் நிமிர்ந்தாள்.

“எழுந்து வெளிய போன்னு சொல்றேன்ல. நீ பேசாம உக்காந்திருந்தாலும் பிரேக்குதான். நீ இங்க இருக்கற வரைக்கும் இவர் உன் மூஞ்சியத்தான் பாப்பார், என்னப் பாக்க மாட்டார். போ.”

லேப் பெண்ணுக்குக் கண் பிதுங்கிவிட்டது. டீனை இப்படி யாரும் பேசி அவள் கேட்டிருக்க மாட்டாள். நானும்தான் பேசியதில்லை, கேலி பேசுவேன், திட்டுவேன், போ என்று சொன்னதில்லை. அக்கா எழுந்தாள். மேலங்கி நாற்காலியில் மாட்டிக்கொண்டதைக்கூட விடுவிக்காமல் இழுத்துக்கொண்டு, வேகமாக, கிட்டத்தட்ட ஓட்டமாக வெளியே போனாள். கதவு சாத்திக்கொண்டது.

நான் இண்டிகேட்டர் பக்கம் திரும்பினேன்.

“இப்ப பக்கத்து சீட்டுல ஆளில்ல டாக்டர். என்னையும் பாக்க வேணாம். ரோட்டப் பாருங்க. பாத்து சொல்லுங்க.”

அவர் கண்ணை மூடித் திறந்தார். பிறகு பேசிய குரல் எனக்குப் புதிதாக இருந்தது.

“ஏத்தினா கிருமி உள்ள போகலாம் டீச்சர். உங்க உடம்புல இப்ப எதிர்ப்பு சக்தின்னு ஒண்ணுமே கிடையாது. காய்ச்சல் வந்தா மோசமா வரும். ஆனா அதுக்கு மருந்து இருக்கு, இப்பவே ஆரம்பிச்சிடலாம், சண்ட போடலாம். ஏத்தலன்னா ரத்தம் ஊறாமப் போக நிறைய வாய்ப்பிருக்கு. அதுக்கு எங்கிட்ட ஒண்ணுமில்ல. நான் ஏத்தறதுதான் சரின்னு நெனக்கிறேன். உங்களுக்கு சம்மதமா?”

“இத மொதல்லயே சொல்லித் தொலைக்கறதுக்கென்ன” என்றேன். “ஏத்துங்க.”

அதன் பிறகு அவர் நிற்கவே இல்லை. லேப் பெண் விரிசல் விட்ட மூலையை மடித்து இடுக்கியால் கவ்விப் பிடித்தாள். அவர் நல்ல பக்கத்திலிருந்து பெரிய ஊசியில் உறிஞ்சி எடுத்தார். ஒரு சொட்டைக் கிருமிப் பரிசோதனைக்கு என்று தனியாக வைத்தார். கிருமியைக் கொல்லும் மருந்தை இன்னொரு குழாயில் ஓடவிட்டார். பிறகு ஊசியை என் குழாயில் பொருத்தி, கட்டைவிரலால் மெதுவாக அழுத்திக்கொண்டே வந்தார். வெளியே சிந்தியது கொஞ்சம்தான், மீதி எல்லாம் உள்ளே போனது. எனக்கு மறுபடி அந்தக் கெட்ட ருசி வந்தது. இந்தத் தடவை அதைச் சப்புக்கொட்டி விழுங்கினேன்.

அந்த நேரமெல்லாம் வெளியே என்ன நடந்தது என்று எங்கள் வீட்டுக்காரர் பிறகு சொன்னார். அக்கா கதவைத் தாண்டியதும், கண்ணாடிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எதிர்ச் சுவரைப் பார்த்து நின்றாளாம். “உள்ள பாருங்களேன் அண்ணி” என்று இவர் சொல்லியிருக்கிறார். பதற்றத்தில் உறவுமுறைகூட மறந்துவிட்டது மனுஷனுக்கு. “பாக்க மாட்டேன். கண்ணாடி வழியா என் மூஞ்சி தெரிஞ்சா அதையும் டாக்டர் படிச்சிடுவார்” என்றாளாம். சுவரில் இருந்த தீயணைப்புக் கருவியின் மேலிருந்த எழுத்தைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டே நின்றாளாம்.

லேப் பெண் தொட்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே போனாள். இண்டிகேட்டர் என் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு அவரும் போனார். அக்கா அவர்களிடம் ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே வந்தாள். கட்டிலருகே வந்து நின்று, முகமூடியை மூக்குக்குக் கீழே கொஞ்சம் இறக்கினாள். அப்படி இறக்கக் கூடாது என்பதும் அவள் போட்ட விதிதான். குனிந்து என் மூச்சை மோந்து பார்த்தாள். ஒரு பைக்கு எவ்வளவு வாடை, இரண்டு பைக்கு எவ்வளவு வாடை என்று அவள் மூக்குக்குத் தெரியும்.

மெதுவாக முகமூடியை ஏற்றிக்கொண்டாள்.

“பூண்டா உரிச்ச?” என்றாள்.

அவளுக்கு ஜோக் எல்லாம் எப்போதோ புரிந்துதான் இருந்திருக்கிறது. நான் சிரித்தேன். புண் கிழிந்து ரத்தம் வந்தது. அவள் என் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதாள்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. காய்ச்சல் வந்தது. பரிசோதனைக்குப் போன சொட்டில் கிருமி முளைத்திருந்தது. அதே கிருமி என் ரத்தத்திலும் இருந்தது. உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. இரண்டு போர்வை போர்த்தியும் பல் கிட்டித்தது, போர்வையை எடுத்தால் கொதித்தது. இண்டிகேட்டர் மருந்தை மாற்றினார், அளவைக் கூட்டினார், மறுபடி மாற்றினார். யாரையும் கேட்கவில்லை. அக்கா கல்லூரிக்கு லீவு போட்டுவிட்டு என் பக்கத்திலேயே கிடந்தாள். அவள் லீவு போட்டாள் என்ற செய்தியே கல்லூரியில் பெரிய பேச்சாகிவிட்டதாம்.

காய்ச்சல் கொஞ்சம் தணிந்திருந்த ஒரு மத்தியானம், அவள் என் நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டிருந்தாள். மனதில் உறுத்திக்கொண்டிருந்ததைக் கேட்டேவிட்டேன்.

“அன்னைக்கு நான் உன்ன வெளிய அனுப்பலன்னா, டாக்டர் உன்ன விடாமக் கேட்டிருந்தா, நீ என்ன சொல்லியிருப்ப?”

அக்கா துணியைத் தண்ணீரில் நனைத்தாள். பிழிந்தாள். மறுபடி நனைத்தாள்.

“தூக்கிப் போடச் சொல்லியிருப்பேன்.”

“என் பையையா?”

“ம்.”

“கிருமிக்குப் பயந்தா?”

“இல்ல. அந்த விதி தப்புன்னு எனக்குத் தெரியும். ஒரே பை இருக்கறவங்களுக்கு அது ஆகாது. மாத்தணும்னு ரொம்ப நாளா நெனச்சிட்டிருந்தேன். வேற யாரோட பையா இருந்தாலும் குடுங்கன்னு சொல்லியிருப்பேன்.” அவள் துணியை என் நெற்றியில் வைக்க மறந்து கையிலேயே வைத்திருந்தாள். “உன்னோடதா போச்சு. தங்கச்சிக்காக வளைஞ்சிட்டான்னு ஒரு பேச்சு வந்துடக் கூடாதுன்னு... தப்புன்னு தெரிஞ்சே சொல்லியிருப்பேன். எனக்கு என்னப் பத்தித் தெரியும்டி.”

சொந்த அக்கா. என் உயிரைத் தன் நல்ல பெயருக்குக் காவு கொடுத்திருப்பேன் என்று என் முகத்துக்கு நேரே சொல்கிறாள். அப்படியே எழுந்து அந்தத் தண்ணீர்க் கிண்ணத்தை அவள் தலையில் கவிழ்க்க வேண்டும் போல இருந்தது. கை தூக்க முடியவில்லை. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டேன். அன்று முழுக்கப் பேசவில்லை. அவளும் சமாதானம் சொல்ல வரவில்லை. துணியை மட்டும் மாற்றிக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் நான் கஞ்சி வேண்டும் என்று அவளிடம் கேட்க வேண்டியதாயிற்று. வேறு வழி? அவள் ஸ்பூனை என் வாயருகே கொண்டுவந்தாள்.

“நீ போன்னு சொன்னப்போ உனக்குக் கோவம் வரலயா?” என்று கேட்டேன்.

“கோவமா?” என்றாள். “இத்தன வருஷத்துல என்ன யாருமே அப்படி சொன்னதில்ல. எங்க உக்காந்தாலும் எல்லாரும் என் வாயவே பாப்பாங்க. நீ போன்னதும் எனக்கு உயிர் வந்துச்சு. எங்க நீ மனச மாத்திக்கிட்டு இருன்னு சொல்லிடுவியோன்னுதான் அவ்வளவு வேகமா ஓடினேன்.”

நான் கஞ்சியை விழுங்கினேன். என் கோபம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். இன்றைக்கும் அது எங்கோ ஒரு மூலையில் கிடக்கிறது. ஆனால் மேலங்கியை இழுத்துக்கொண்டு அவள் ஓடிய ஓட்டம்தான் எனக்கு அடிக்கடி ஞாபகம் வருகிறது.

காய்ச்சல் விட்டது. இனி ரத்தம் ஊறுகிறதா என்பதுதான் கேள்வி. தினமும் காலையில் ரத்தம் எடுத்துப் போவார்கள். வெள்ளை அணுக்கள் எவ்வளவு என்று வரும். வரும் பதில் தினமும் ஒன்றுதான்: ஒன்றுமில்லை. அக்கா நினைத்தால் தன் போனிலேயே எல்லோருக்கும் முன்பாகப் பார்த்துவிடலாம், டீனுக்கு அந்த வசதி உண்டு. அவள் போனை என் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டாள். “நீயே வெச்சிக்கோ” என்றாள். நாங்கள் இருவரும் கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ள மாட்டோம்.

அன்றும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தோம். கதவு திறந்தது. இண்டிகேட்டர் கையில் ஒரு தாளோடு வந்தார். முகமூடி போட்டிருந்ததால் நல்ல செய்தியா, கெட்ட செய்தியா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. வாயைத் திறக்கப் போனவர், பழக்கதோஷம், ஒரு நொடி அக்காவைப் பார்த்தார்.

நான் கத்துவதற்கு வாயெடுத்தேன். அதற்குள் அக்கா எழுந்துவிட்டாள். யாரும் சொல்லவில்லை. மேலங்கியை ஒழுங்காக ஒதுக்கிக்கொண்டு, அவரைத் தாண்டி வெளியே போய், கதவைச் சாத்தினாள். கண்ணாடி வழியாக அவள் முதுகு மட்டும் தெரிந்தது. நரைத்த முடியை வாரிப் போட்ட கொண்டை, அதற்குக் கீழே விறைப்பாக இரண்டு தோள்.

இண்டிகேட்டர் என் பக்கம் திரும்பினார்.

“ஏறுது டீச்சர்” என்றார். “கொஞ்சம்தான். ஆனா ஏறுது. ஊற ஆரம்பிச்சிருச்சு.”

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார், முகமூடி நனைந்துவிட்டது. பிறகு நான் கட்டிலிலிருந்து காலை இறக்கி, குழாய்க் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, அவர் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்லக் கேட்காமல் கதவு வரை நடந்தேன்.

அக்கா அசையாமல் எதிர்ச் சுவரைப் பார்த்தே நின்றுகொண்டிருந்தாள். அவளாகத் திரும்ப மாட்டாள் என்று தெரிந்தது. நான்தான் கண்ணாடியைத் தட்டினேன்.